பாட்டிலின் பின்பக்கம்

ஒருநாள் காலையில் முகத்தில் தண்ணீர் பட்டதும் காந்தியது. குழாயில் வரும் வெறும் தண்ணீர்தான். கன்னத்திலும் மூக்கின் ஓரங்களிலும் சிராய்ப்பில் பட்ட மாதிரி சுரீரென்றது. துண்டால் ஒற்றி எடுத்தால் அதுவும் உறுத்தியது. கண்ணாடியில் பார்த்தபோது முகம் மினுமினுவென்று இருந்தது. அந்த மினுமினுப்பு பத்து நாளாகவே இருந்தது. "பளபளன்னு இருக்கீங்களே, என்ன போடுறீங்க?" என்று உடன் வேலை பார்ப்பவர் கேட்டபோது மகிழ்ந்துபோய்ப் பட்டியலே சொல்லியிருந்தேன். மேல்தோல் தேய்ந்து, இழுத்துக் கட்டியது போல ஆனதால் வந்த மினுக்கு அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்தப் பட்டியல் இதுதான். காலையில் சாலிசிலிக் ஆசிட் கலந்த ஃபேஸ்வாஷ், அதன்மேல் வைட்டமின் சி சீரம், அதன்மேல் 10 சதவீத நியாசினமைட் (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்). இரவில் கிளைக்காலிக் ஆசிட் டோனர். ஒருநாள் விட்டு ஒருநாள் ரெட்டினால். வாரம் ஒருமுறை ஸ்க்ரப். இதில் எதுவுமே மோசமான பொருள் கிடையாது. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் வீடியோவில் மனதாரப் புகழ்ந்திருந்தார்கள், புகழ்ந்ததில் பாதி உண்மையும்கூட. எல்லாம் ஒரே முகத்தில், ஒரே மாதத்தில் சேர்ந்ததுதான் வினை.

தோல் மருத்துவர் என் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட நான் கொண்டுபோன பாட்டில்களின் பின்பக்கத்தைப் படித்த நேரம் அதிகம். ஒவ்வொன்றாகத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொடி எழுத்தில் இருந்ததை நிதானமாகப் படித்தார். "நீங்க முன்பக்கம் மட்டும் படிச்சு வாங்கியிருக்கீங்க" என்றார். திட்டுகிற தொனி இல்லை. "எல்லாத்தையும் எடுத்து உள்ள வைங்க. மென்மையான கிளென்சர், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், பகல்ல சன்ஸ்க்ரீன். நாலு வாரம் கழிச்சு வாங்க, அப்புறம் பேசுவோம்."

ஏன் நாலு வாரம்? மேல்தோலின் அடியில் பிறக்கும் ஒரு செல் மேலே வந்து, காய்ந்து, உதிர்ந்துபோக ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும். வயது கூடக் கூட இன்னும் நீளும். அதாவது இன்று நான் கண்ணாடியில் தொட்டுப் பார்க்கும் தோல் சில வாரங்களுக்கு முன்பு அடியில் உருவாகத் தொடங்கியது. ஒரு சீரத்தை ஐந்து நாள் போட்டுவிட்டு "எனக்கு வேலை செய்யல" என்று அடுத்ததைத் திறக்கும் அவசரம் எவ்வளவு அநியாயம் என்று அந்த ஒரு கணக்கிலேயே புரிந்துவிட்டது.

அந்த நாலு வாரமும் முகத்தில் புதிதாகப் போட எதுவும் இல்லாததால் படிக்கத் தொடங்கினேன். முதலில் படித்தது அந்த மேல் அடுக்கைப் பற்றி.

தோலின் ஆக வெளிப்புறத்தில் இருக்கும் அடுக்கின் தடிமன் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரான்தான். நாம் எழுதும் தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வராது. அதற்குள் பதினைந்து, இருபது வரிசையாகத் தட்டையான செல்கள் அடுக்கப்பட்டிருக்கும். எல்லாம் உயிர் முடிந்த செல்கள். பீட்டர் இலையாஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இந்த அமைப்பைச் செங்கல் சுவராக விளக்கினார். செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு பூச்சுக்கலவை. அந்தக் கலவையில் பாதியளவு செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மிச்சத்தில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகாமல் காப்பதும், வெளியே இருக்கும் கிருமியும் தூசியும் ரசாயனமும் உள்ளே நுழையாமல் தடுப்பதும் இந்தச் சுவரின் வேலை. நான் ஒரு மாதமாகச் செய்தது, காலையும் மாலையும் அந்தக் கலவையைச் சுரண்டியதுதான். இடுக்குகள் திறந்துகொண்டன. அடியில் இருக்கும் நரம்பு முனைகளுக்கு வெறும் தண்ணீரே எரிச்சலாகப் போய்விட்டது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 1928-லேயே ஷாடே, மார்க்கியோனினி என்ற இரண்டு ஜெர்மானிய மருத்துவர்கள் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது என்று எழுதி, அதற்கு அமிலக் கவசம் என்று பொருள்படும் பெயரும் வைத்தார்கள். அமிலத்தன்மையை பிஎச் என்ற எண்ணால் அளப்பார்கள், எண் குறையக் குறைய அமிலம் கூடும். ஆரோக்கியமான தோலின் பிஎச் அளவு ஏறக்குறைய 5. செராமைடு தயாரிக்கும் நொதிகள் ஒழுங்காக இயங்க இந்த அமிலத்தன்மை வேண்டும். வழக்கமான கட்டி சோப்பின் பிஎச் 9, 10 என்று இருக்கும். பிஎச் கணக்கில் ஒரு படி ஏறினால் பத்து மடங்கு வித்தியாசம், ஆக நாலைந்து படி என்பது பல்லாயிரம் மடங்கு. முகம் கழுவியதும் தோல் 'இழுத்துப் பிடிச்ச மாதிரி' இருந்தால்தான் சுத்தமாகிவிட்டது என்று பல வருடம் நம்பியிருந்தேன். அந்த இழுப்பு, கொழுப்பு கழுவப்பட்டுப் போனதன் அறிகுறி. கழுவி முடித்த பிறகும் முகம் முகமாக, ஒன்றும் நடக்காதது போல இருந்தால் அந்த கிளென்சர் நல்ல கிளென்சர். இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

மாய்ஸ்சரைசர் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயமும் மாறியது. 'ஈரப்பதம் தரும்' என்று எல்லா டப்பாவிலும் ஒரே வார்த்தை போட்டிருந்தாலும் உள்ளே மூன்று விதமான பொருள்கள் மூன்று வேலை பார்க்கின்றன. கிளிசரின், ஹயலுரானிக் ஆசிட், யூரியா போன்றவை நீரை இழுத்துப் பிடித்து வைப்பவை. செராமைடு, ஸ்குவாலேன், கொழுப்பு ஆல்கஹால்கள் போன்றவை இடுக்கை நிரப்பி மிருதுவாக்குபவை. பெட்ரோலியம் ஜெல்லி, டைமெத்திக்கோன் போன்றவை மேலே மூடி போட்டு ஆவியாவதைத் தடுப்பவை. கொழுப்பு ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சீட்டைல் ஆல்கஹால் மெழுகு மாதிரியான பொருள், தோலை உலர்த்தும் சாராயத்துக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு.

ஹயலுரானிக் ஆசிட்டை 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் பாகு போன்ற திரவத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். இன்று அதன் பெயர் இல்லாத சீரமே கிடையாது. நல்ல பொருள்தான். ஆனால் அது 'தோலின் ஆழத்துக்குப் போய்' ஏதோ செய்வதாகச் சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது. 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறுகள் முழுமையான தோல் சுவரைக் கடப்பது கடினம் என்று 2000-இல் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பொதுவிதி முன்வைத்தார்கள். வழக்கமான ஹயலுரானிக் ஆசிட்டின் எடை லட்சக்கணக்கான டால்டன். அது மேலேயே நின்று ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. கிளிசரினின் எடையோ வெறும் 92. விளம்பரத்தில் அதற்கு இடமே இல்லை, எந்த வீடியோவிலும் யாரும் அதைக் கொண்டாடுவதில்லை. என்னைக் கேட்டால் சருமப் பராமரிப்பில் மிக நியாயமான பொருள் கிளிசரின்தான். என் முகத்தைத் திரும்பக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு அதற்கு உண்டு.

அடுத்தது பெட்ரோலியம் ஜெல்லி. ராபர்ட் செஸ்பரோ 1872-இல் காப்புரிமை வாங்கிய சரக்கு. தோலிலிருந்து நீர் ஆவியாவதை இதைவிட நன்றாகத் தடுக்கும் பொருள் இன்றுவரை அரிது. சில வருடங்களுக்கு முன் 'ஸ்லக்கிங்' என்ற பெயரில் இரவில் முகம் முழுக்க இதைப் பூசித் தூங்குவது உலகமெங்கும் பரவியது. வறண்டு வெடித்த தோலுக்கு நல்ல யோசனை, நானும் மூக்கின் ஓரங்களில் பூசினேன். ஆனால் ஆசிட்டோ ரெட்டினாலோ போட்ட இரவில் அதன்மேல் இதைப் பூசினால் அவற்றின் வீரியமும் எரிச்சலும் ஏறிவிடலாம். வீடியோ பார்த்துச் செய்தவர்கள் பலர் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

நாலு வாரம் முடிந்தபோது தண்ணீர் மறுபடி தண்ணீராகவே பட்டது. அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குளிர்ந்த நீரை இரண்டு கையிலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டு, மறுபடியும் ஒருமுறை அடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் வீரியமான பொருள்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தேன். எடுக்கும் முன் அந்தப் பொருள் எப்படி வந்தது, எந்த அளவில் வேலை செய்கிறது என்று தேடிப் பார்த்தேன்.

ரெட்டினாலின் கதையில் ஒரு கறையும் இருக்கிறது. ரெட்டினாலைப் போலவே வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த டிரெட்டினாயின் முகப்பருவுக்கு நன்றாக வேலை செய்கிறது என்று நிறுவியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன். 1971-இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதிக்கப்பட்டது. பருவுக்காகப் போட்டவர்களின் சுருக்கமும் நிறத்திட்டுகளும் குறைவது தெரியவந்து, 1986-இல் அவர் அதைப் பற்றி எழுதினார். அதே கிளிக்மன்தான் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில், பெரும்பாலும் கறுப்பினக் கைதிகளின் தோலில், 1950-களில் தொடங்கி 1974 வரை சோதனைகள் நடத்தினார். அவர்களுக்கு முழு விவரம் சொல்லி வாங்கிய சம்மதம் என்று அதைச் சொல்ல முடியாது. பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு 2021-இல்தான் மன்னிப்புக் கேட்டது. இரவில் பட்டாணி அளவு கிரீமை விரலில் எடுக்கும்போது இது எனக்கு நினைவுக்கு வரும். வர வேண்டும் என்றே நினைக்கிறேன்.

கடையில் நேரடியாகக் கிடைக்கும் ரெட்டினால் அந்த மருந்து இல்லை. தோலுக்குள் போய் முதலில் ரெட்டினால்டிஹைடாக மாறி, பிறகு ரெட்டினோயிக் ஆசிடாக மாறிய பின்பே வேலை தொடங்கும். இரண்டு படி தாண்டுவதற்குள் வீரியம் குறைந்துவிடும். அதனால்தான் அது மெதுவானது, அதனால்தான் எரிச்சலும் குறைவு. வாரம் இரண்டு இரவு போதும் என்று தொடங்கி, தோல் ஏற்றுக்கொண்டால் கூட்டலாம். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டு எதையும், அதாவது இந்த வைட்டமின் ஏ குடும்பப் பொருள் எதையும், தொடக் கூடாது. இதைத் தடித்த எழுத்தில் முன்பக்கத்தில் போட வேண்டும், பின்பக்கத்தில் பொடியாக இல்லை.

வைட்டமின் சி-யில் என் தவறு வேறு மாதிரி. எல்-அஸ்கார்பிக் ஆசிட் தோலுக்குள் போக வேண்டுமென்றால் கரைசலின் பிஎச் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும், 20 சதவீதத்துக்கு மேல் கூட்டினால் கூடுதல் பலன் இல்லை என்று 2001-இல் வெளிவந்த ஆய்விலேயே தெரிந்துவிட்டது. காற்றும் வெளிச்சமும் பட்டால் அது சீக்கிரம் கெட்டுப்போகும். என் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வாங்கும்போது தெளிந்த நீராக இருந்தது கருத்த பழுப்பாகியிருந்தது. சொட்டுமருந்துக் குழாயின் கண்ணாடியில்கூட ஆரஞ்சுக் கறை. பல வாரமாக ஆக்சிஜனேற்றம் அடைந்த சரக்கைத்தான் தினமும் பூசியிருக்கிறேன். கறுப்புக் கண்ணாடியில், சின்ன அளவில், இறுக்கமான மூடியோடு வருவதை வாங்கி, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவதே நல்லது.

ஆசிட்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளைக்காலிக், லாக்டிக் போன்றவை செல்களின் பிடியைத் தளர்த்தி உதிரச் செய்பவை. 1974-இல் வான் ஸ்காட், யூ இருவரும் இவற்றைப் பற்றி எழுதியது அழகுக்காக அல்ல, தோல் மீன்செதில் போலத் தடித்து உரியும் நோய்க்காக. சாலிசிலிக் எண்ணெயில் கரைவது, துளைக்குள் போகும், எனவே கரும்புள்ளிக்கும் பருவுக்கும் ஏற்றது. எனக்கு இப்போது லாக்டிக் மட்டும், வாரம் ஒருமுறை. ஸ்க்ரப்பைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

சதவீதத்தில் ஒரு போட்டி நடக்கிறது, அதைக் கொஞ்சம் பேச வேண்டும். நியாசினமைட் பற்றிய நல்ல ஆய்வுகள் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதத்தில் நடந்தவை. எண்ணெய்ப்பசை, கருந்திட்டு, சுவரின் உறுதி எல்லாவற்றுக்கும் அந்த அளவிலேயே பலன் தெரிந்தது. பிறகு 10 வந்தது, இப்போது 20 வரை வந்துவிட்டது. எண் பெரிதானால் நம்பிக்கை கூடும் என்று விற்பவர்களுக்குத் தெரியும். பருவுக்கான பென்சாயில் பெராக்சைடில் 2.5 சதவீதமே, சீழ்ப்பருக்களைக் குறைப்பதில் 5-க்கும் 10-க்கும் சமமாக வேலை செய்ததை 1986-லேயே காட்டிவிட்டார்கள். கூடியது எரிச்சல்தான். மெலனின் என்ற நிறமி அதிகமுள்ள தோலில் இது வெறும் எரிச்சலோடு போவதில்லை. எங்கே வீக்கம் வந்ததோ அங்கே கறுப்புத் திட்டு விழுந்து மாதக்கணக்கில் நிற்கும். கருமையைப் போக்கப் போட்ட பொருளே கருமையைக் கொண்டுவந்துவிடும். என் கன்னத்தில் அப்படி விழுந்த இரண்டு திட்டுகள் மறைய எட்டு மாதம் ஆனது.

சரி, பின்பக்கத்துக்கு வருவோம். அங்கே இருக்கும் பட்டியல் ஒரு ஒழுங்கில் எழுதப்படுகிறது. அதிகம் இருப்பது முதலில், குறைவாக இருப்பது கடைசியில். முதல் சொல் பெரும்பாலும் 'அக்வா', அதாவது தண்ணீர். ஆனால் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருப்பவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அந்த 1 சதவீதக் கோடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஃபீனாக்ஸியெத்தனால் என்று ஒரு பதப்படுத்தி பெரும்பாலான கிரீம்களில் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி அதை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஆகவே அந்த வார்த்தைக்குப் பின்னால் வருவதெல்லாம் 1 சதவீதமோ அதற்கும் குறைவோ. ரெட்டினால், பெப்டைடு போன்றவை அந்தச் சிறிய அளவிலேயே வேலை செய்யக்கூடியவை, அவற்றுக்கு இது குறையாகாது. ஆனால் முன்பக்கத்தில் பெரிதாகப் படம் போட்ட ஏதோ ஒரு பூவின் சாறு ஃபீனாக்ஸியெத்தனாலுக்கும் பின்னால் நின்றால், அது படத்துக்காகச் சேர்த்தது.

'வாசனைப் பொருள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல டஜன் ரசாயனங்கள் இருக்கலாம். தோல் ஒவ்வாமைக்கு மிக அடிக்கடி காரணமாவதும் இதுவே. 'மணமற்றது' என்று போட்டிருந்தாலும் முழுதாக நம்ப முடியாது, மூலப்பொருளின் நெடியை மறைக்க வேறொரு மணத்தைச் சேர்த்திருக்கலாம். 'வாசனைப் பொருள் சேர்க்கப்படாதது' என்பதே தேட வேண்டிய சொல். 'ஒவ்வாமை தராதது' என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் சட்டப்படி எந்த வரையறையும் கிடையாது.

இது இல்லாதது, அது இல்லாதது என்று விற்கும் வழக்கத்தால் நடந்த ஒரு கெடுதியை விரிவாகவே சொல்ல வேண்டும். 2004-இல் மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளின் 20 மாதிரிகளைச் சோதித்து அவற்றில் பாரபென் என்ற பதப்படுத்தி இருந்ததாக ஓர் ஆய்வு வந்தது. ஆரோக்கியமான திசுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, பாரபென்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவும் இல்லை. ஆனால் செய்தி பரவிவிட்டது. 'பாரபென் இல்லை' என்பது டப்பாவில் பெருமையாக ஏறியது. கிரீமில் தண்ணீர் இருந்தால் கிருமி வளரும், ஏதாவது ஒரு பதப்படுத்தி வேண்டும். பாரபென் போன இடத்துக்கு வந்தவற்றில் ஒன்று மெத்தில்ஐசோதயசோலினோன். அது பலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கொண்டுவந்தது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013-இல் அதைத்தான் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பின்னர் ஐரோப்பாவில் பூசி அப்படியே விடும் கிரீம்களில் அதற்குத் தடையே வந்தது. அதே சங்கம் 2019-இல் பாரபென்களை ஒவ்வாமை தராத பொருளாக அறிவித்துப் பெருமைப்படுத்தியது. அரிப்பும் கொப்புளமுமாக அவதிப்பட்ட அத்தனை பேரும் பயத்தின் பேரில் பாதுகாப்பானது என்று நம்பித்தான் மாறியிருப்பார்கள். இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

'இயற்கை' என்ற சொல்லுக்கும் இதே கவனம் வேண்டும். கொரியாவிலிருந்து 'சிக்கா' என்ற பெயரில் உலகம் சுற்றும் பொருள் வேறொன்றும் இல்லை, வல்லாரை. சிவந்து புண்ணான தோலை ஆற்ற உதவும் கூறுகள் அதில் உண்டு. ரெட்டினாலுக்கு மாற்று என்று பேசப்படும் பாகுச்சியால் கார்போக அரிசி என்று நாம் சொல்லும் விதையிலிருந்து எடுப்பது. 44 பேரிடம் 12 வாரம் நடந்த ஓர் ஆய்வில் ரெட்டினாலுக்கு ஈடாகவும் எரிச்சல் குறைவாகவும் இருந்தது. நம்பிக்கை தரும் செய்தி, ஆனால் 44 பேர்தான். எலுமிச்சையும் இயற்கைதான். அதன் சாற்றின் பிஎச் 2-ஐ ஒட்டி இருக்கும், போட்டுக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும் அதன்பின் கருந்தடமும் வரலாம். செடியில் விளைந்ததா, ஆய்வகத்தில் செய்ததா என்று தோல் பிரித்துப் பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும் குறைத்துவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் சன்ஸ்க்ரீனை வைத்துக்கொள்வேன். 2012-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான புகைப்படத்தைப் பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை. 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் முகம். 28 வருடம் வண்டி ஓட்டியவர். அவருடைய முகத்தின் வலதுபக்கம் வயதுக்குரிய முகமாக இருக்கிறது. ஜன்னல் பக்கம் இருந்த இடதுபக்கம் தடித்து, ஆழமாக வரிவரியாகக் கிழித்தது போலச் சுருங்கி, இருபது வருடம் மூத்த இன்னொருவரின் முகம் போலிருக்கிறது. புற ஊதா ஏ கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும். சுட்டெரிப்பது பி கதிர், அதைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும், அதனால் அவருக்குத் தோல் எரிந்திருக்காது. ஒன்றும் நடக்கவில்லை என்றே அத்தனை வருடமும் நினைத்திருப்பார்.

ஆஸ்திரேலியாவின் நம்போர் என்ற ஊரில் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேரை நாலரை வருடம் கவனித்தார்கள். ஒரு பகுதியினர் தினமும் சன்ஸ்க்ரீன் பூசினார்கள், மற்றவர்கள் தங்கள் இஷ்டப்படி. 2013-இல் முடிவு வந்தது. தினமும் பூசியவர்களின் தோல் முதுமையடைந்தது 24 சதவீதம் குறைவு. நான் பார்த்தவரை எந்த சீரத்துக்கும் இப்படி ஒரு நீண்ட சாட்சி கிடையாது.

அளவுதான் பிரச்சினை. சன்ஸ்க்ரீனின் பாதுகாப்பு அளவைச் சொல்லும் எஸ்பிஎஃப் எண்ணை நிர்ணயிக்கும் சோதனையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதி, சிலசமயம் கால்பங்கு. அப்போது டப்பாவில் இருக்கும் 50 நம் முகத்தில் 50 ஆக இருக்காது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். முதல்முறை அந்த அளவைக் கையில் பார்த்தபோது இவ்வளவா என்று தயங்கினேன். எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீத பி கதிரையும் 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும், எனவே எண்ணைவிட அளவு முக்கியம். மங்கு இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கூட்டும். இரும்பு ஆக்சைடு சேர்த்த, நிறம் கொண்ட சன்ஸ்க்ரீன்தான் அதைத் தடுக்கும்.

நிறத்தை வெளுப்பதாகச் சொல்லி விற்கும் கிரீம்களைப் பற்றி மென்மையாகப் பேச எனக்கு மனமில்லை. ஒரே வாரத்தில் முகம் வெளுத்தால், பின்பக்கத்தில் பட்டியலே இல்லாவிட்டால், அதில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்க வாய்ப்பு அதிகம். பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பூசியவரின் கையிலிருந்து குழந்தைக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை வெளுக்கும் கிரீம்களிலிருந்து அதை ஒழிக்க முனைவது அதனால்தான். ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும், ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், நிறுத்தினால் முகம் நெருப்பாகும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்பட வேண்டாம், தானாகவும் நிறுத்த வேண்டாம், தோல் மருத்துவரிடம் டப்பாவோடு போங்கள். மாநிறமும் கறுப்பும் குணப்படுத்த வேண்டிய நோய் இல்லை.

அக்கா மகளுக்கு 12 வயது. போன மாதம் வந்தவள், "சித்தி, எனக்கு ரெட்டினால் வாங்கித் தர்றீங்களா? கிளாஸ்ல எல்லாரும் போடுறாங்க" என்றாள். அந்த வயதில் தோல் தன் வேலையைத் தானே வேகமாகச் செய்துகொள்கிறது, முதுமைக்கான பொருளுக்கு அங்கே வேலையே இல்லை. 2024-இல் சுவீடனில் ஒரு பெரிய மருந்துக்கடை நிறுவனம் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இதுபோன்ற பொருள்களை விற்பதில்லை என்று முடிவெடுத்தது. நான் அவளிடம் அதையெல்லாம் சொல்லவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் வேறு யாரிடமாவது கேட்டிருப்பாள். என்னிடம் இருந்த மூன்று டப்பாக்களையும் எடுத்து வந்து, ஃபீனாக்ஸியெத்தனால் எது என்று காட்டிக் கொடுத்தேன்.

அவள் பையிலிருந்து ஒரு சின்ன ஜாடியை எடுத்தாள். தோழி பிறந்தநாளுக்குக் கொடுத்ததாம். முன்பக்கத்தில் தங்க எழுத்தில் முத்துப் பொடி, ரோஜாச் சாறு என்று இருந்தது. திருப்பி, கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கி, விரலை ஒவ்வொரு வார்த்தையாக நகர்த்திக்கொண்டே போனாள். தண்ணீர், கிளிசரின், சீட்டைல் ஆல்கஹால் எல்லாம் தாண்டி விரல் நின்றது. "ஃபீனாக்ஸி வந்துடுச்சு சித்தி." மறுபடி நகர்ந்தது. வாசனைப் பொருள். ரோஜா. இரண்டு நிறமிகள். கடைசி வரியின் கடைசிச் சொல்லில் நகத்தை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"முத்து இங்க இருக்கு."